லாபம், இரண்டு, மூன்று

முதலில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள் சார். வானத்தில் வந்ததைப் பிறகு சொல்கிறேன். ஆளைச் சரியாகச் சொல்லாமல் சங்கதியைச் சொன்னால் நாளைக்கே "நான் அங்க இல்லவே இல்லை" என்று ஒருத்தர் கிளம்புவார். கிளம்பியும் இருக்கிறார்கள்.

கார்த்திகை இருபத்திரண்டு, வியாழக்கிழமை. இதே பால் சங்கத்து வாசல். வரிசையில் நின்ற முறைப்படியே சொல்கிறேன், உறுப்பினர் எண்ணோடு. முதலில் பதினான்கு, சாமியாத்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று, சென்னியப்பன். என் பெண்டாட்டியின் தம்பி. இருபத்தொன்று, பழனாத்தாள். ஆறு, குப்பண்ணன், வயது எழுபத்துநான்கு. முப்பது தங்கராசு, முப்பத்தொன்று அவனுடைய அண்ணன் வேலுச்சாமி. இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது, நடுவில் ஒரு கேனை வைத்துவிட்டுத்தான் நிற்பார்கள். ஒன்பது மயிலாத்தாள். பதினேழு நாச்சிமுத்து. நாற்பத்திரண்டு பெரியக்காள். பதினொன்று ராமாத்தாள். கடைசியாக இருபத்தெட்டு, ஈசுவரன், நின்றபடியே தூக்கம். பதினொரு பேர். எடை மெஷினுக்குப் பின்னால் நான், கலியபெருமாள். என்னோடு பன்னிரண்டு பேர். நாய் ஒன்று இருந்தது, அதைச் சேர்க்கவில்லை.

உட்காருங்கள். அந்தக் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்காரலாம், கழுவியதுதான். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. நீங்கள் ஒருத்தர், அதுவும் வெளியூர். காலேஜில் பாடம் சொல்கிறீர்கள். வானத்துக் கல்லைத் தேடி வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, உங்களிடம் வருகிறது.

இப்போது நான் நிற்கிற இடத்தைப் பாருங்கள். மெஷின் மேசை வாசலை ஒட்டி. எனக்கு முகம் மேற்கே. வரிசையில் நிற்கிறவர்களுக்கு முகம் கிழக்கே, என்னைப் பார்த்து. அவர்கள் முதுகுக்குப் பின்னால், அதோ தெரிகிறதே வெள்ளையாகக் கீறிப்போட்ட கரட்டுக் குன்று, அதுதான் குவாரி. இங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். கட்டடத்தை ஒட்டி இந்தப் பக்கம் புங்கமரம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான், குவாரி, மரம். வழக்கு முழுக்க இந்த மூன்றுக்குள்தான்.

காலை ஐந்து பதினெட்டு. நல்ல இருட்டு. சாமியாத்தாளின் கேனை மெஷினில் ஏற்றப் போகிறேன். அப்போது வந்தது. இடது கையில், தெற்கிலிருந்து. முதலில் வெல்டிங் அடிக்கிற மாதிரி பச்சை கலந்த வெள்ளை. கரட்டுக்கு மேலே இரண்டு பனை உயரத்தில் வடக்கே போயிற்று. போகப் போக மஞ்சள், பிறகு சிவப்பு. மூன்றாக உடைந்தது. மூன்றில் நடுவில் இருந்தது கடைசியாக அணைந்தது. தரையில் வைத்திருந்த கேன்களின் நிழல் எனக்கு வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. நிழலை ஏன் சொல்கிறேன் என்றால், வெளிச்சம் ஓரிடத்தில் நின்று எரிந்திருந்தால் நிழல் நகராது. குவாரி நகருமா சார்?

பழனாத்தாள் அரைக்கண்ணால் திரும்பிப் பார்த்துவிட்டாள். "ஐயோ, கொள்ளி உளுகுது! பாக்காதீங்க! பச்சை மரத்தப் பாருங்க, பச்சை மரத்தப் பாருங்க!" என்று கத்தினாள்.

உங்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டல்லவா? எரிநட்சத்திரம் விழுந்தால் பார்க்கக் கூடாது, பார்த்துவிட்டால் பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஞாபக மறதி வரும். பதினோரு பேரும் புங்கமரத்தைப் பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஈசுவரன்கூட விழித்துக்கொண்டு பார்த்தான். புங்க இலை வெள்ளிக் காசு மாதிரி மின்னியது, அணைந்தது. அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். வெளிச்சம் முதுகுப்பக்கமிருந்து வந்தது. முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது? குவாரி.

நான் மரத்தைப் பார்க்கவில்லை. எனக்கு எண்ணுகிற பழக்கம். மின்னல் கண்டால் இடி வரும்வரை எண்ணுவேன். ஐந்தாம் வகுப்போடு என்னைக் களத்துக்குக் கூட்டிப் போய்விட்டார் எங்கள் அப்பா. தஞ்சாவூர்ப் பக்கம் மரக்கால் போட்டு நெல் அளக்கிறவர். அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லக் கூடாது. லாபம் என்றுதான் சொல்ல வேண்டும். லாபம், இரண்டு, மூன்று. என் வாய் அப்படித்தான் பழகியது. அரிசி ஆலை வேலைக்கு இந்தக் கோயமுத்தூர்ச் சீமைக்கு வந்து, பெண் கட்டி, முப்பத்தெட்டு வருஷம் ஆன பிறகும் ஊர் என்னைத் தஞ்சாவூரார் என்றுதான் கூப்பிடுகிறது. வாயும் தஞ்சாவூர் வாயாகவே இருந்துவிட்டது. மெஷின் வந்து ஆறு வருஷம் ஆகிறது. சிவப்பு எழுத்தில் அதுவே எடையைச் சொல்கிறது, எனக்கு எண்ண வேலை இல்லை. அதனால் இளசுகள் யாரும் நான் எண்ணிக் கேட்டதில்லை.

அணைந்ததும் ஆரம்பித்தேன். லாபம். முதல் எண் மட்டும் வாய்விட்டு வரும், மீதி உள்ளே ஓடும். கூச்ச சுபாவம் சார், சின்ன வயதிலிருந்தே.

"என்ன தஞ்சாவூராரே, வெரலத் தூக்கிட்டு நிக்கறீங்க? மந்திரமா?" என்றாள் சாமியாத்தாள்.

பதில் சொன்னால் எண்ணிக்கை கலையும். பேசாமல் நின்றேன். நூறு தாண்டியது. "மாமனுக்குக் கொள்ளியப் பாத்து மறதி வந்துருச்சு போல" என்று சென்னியப்பன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் கணக்கில் நூற்றுப்பன்னிரண்டில் இருக்கிறது. நூற்றுமுப்பத்தொன்றில் சத்தம் வந்தது.

ஒரே சத்தம் இல்லை. முதலில் ஒன்று பெரிதாக, அதன் வாலாக இரண்டு. ஜன்னல் கண்ணாடி இரண்டு உடைந்தது. மெஷினில் எண் ஒன்பதுக்குப் போய் இரண்டுக்கு வந்து ஆடியது. குறித்துக்கொண்டீர்களா? நூற்றுமுப்பத்தொன்று. ஆனால் என் நூறு உங்கள் கடிகாரத்தில் நூற்றுநான்கு வினாடி. நான் கொஞ்சம் நிதானம். சோதித்துப் பார்த்திருக்கிறேன், பத்துத் தடவை. ஆக நூற்றுமுப்பத்தாறு வினாடி. குவாரியில் வெடித்தால் நான் ஐந்து எண்ணுவதற்குள் சத்தம் இங்கே வந்துவிடும். இதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கழித்துப் பார்க்கலாம்.

அதே நேரத்தில் சென்னியப்பனின் மாட்டுக்கொட்டகைச் சுவர் விழுந்தது. மூன்று வருஷமாக விரிசல் விட்டிருந்த சுவர். உள்ளே கட்டியிருந்த சினைமாடு, சாயங்காலத்துக்கு மட்டும் ஆறரை லிட்டர் கறந்த மாடு, இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டது. ஒன்பது நாள் படுத்திருந்து செத்தது. சென்னியப்பன் ஒன்பது நாளும் கொட்டகையிலேயே படுத்தான். அதை நான் மறைக்கவில்லை. அவன் அழுததைப் பார்த்தேன். விரிசல் விட வைத்தது குவாரி, தள்ளிவிட்டது வானம். இரண்டும் உண்மை.

ஆனால் ஊருக்கு ஒரு உண்மைதான் வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே இங்கே கூட்டம். பள்ளிக்கூடத்து வாத்தியார் மனு எழுதினார். "கார்த்திகை 22 விடியற்காலை அனுமதியின்றிப் பெரும் வெடி வைத்து" என்று ஆரம்பம். குவாரியை மூட வேண்டும் என்று முடிவு. மூடத்தான் வேண்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாட்சி என்று போட்டு வரிசையாகப் பெயர். பதினோரு கையெழுத்து விழுந்தது. குப்பண்ணன் கைநாட்டு. பேனா என்னிடம் வந்தது.

"இது வெடி இல்லை" என்றேன்.

"என்னங்க மாமா?"

"வானத்திலிருந்து வந்தது. நான் பார்த்தேன். நூற்றுமுப்பத்தொன்று எண்ணினேன்."

"மாடு இடுப்பொடிஞ்சு கெடக்குது. நீங்க எண்ணிட்டு இருந்தீங்களாக்கும்?" என்றான் சென்னியப்பன்.

"பழனாத்தாளே சொன்னாள், கொள்ளி விழுகிறது என்று."

பழனாத்தாள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "கொள்ளின்னா? வெடியுங்கூடக் கொள்ளிதானுங்க. நெருப்புன்னா கொள்ளிதான்."

"எத்தனை நேரம் கழித்துச் சத்தம் வந்தது, சொல்லுங்கள்."

"உடனே!" என்றார்கள். எல்லோரும் ஒரே குரலில். பேசாத அண்ணன் தம்பியும் அதில் மட்டும் ஒன்று. நூற்றுப்பன்னிரண்டில் சிரித்தவர்கள், சார். நூற்றுப்பன்னிரண்டில் சிரித்துவிட்டு உடனே என்கிறார்கள். பச்சை மரத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் மறதி வந்தது. பார்க்காத எனக்கு வரவில்லை.

நான் பேனாவை மேசைமேல் வைத்தேன். அப்போதுதான் சாமியாத்தாள் எழுந்தாள்.

"நான் சொல்லோணும்னு இருந்தேன். வெளிச்சம் வந்தப்ப இவரு என்ன சொன்னாரு தெரியுமா? நான் மொதல்ல நின்னேன், என் காதுல உளுந்துச்சு. 'லாபம்'னாரு. ஊரே பயந்து மரத்தப் பாக்குது, இவரு லாபம்ங்கறாரு! ஆருக்குங்க லாபம்?"

என் முகம் சூடாகிவிட்டது. லாபம் என்றால் ஒன்று என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் தீர்ந்தது. நாற்பது கண் என்மேல் இருக்கும்போது எனக்கு நாக்கு எழும்பாது. குப்பண்ணனைப் பார்த்தேன். அவர் பத்து வருஷம் பண்ணையத்தில் நெல் அளந்தவர். எத்தனை களத்தில் லாபம் சொல்லியிருப்பார்! அவர் தன் கைநாட்டு மையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் அந்தக் கூட்டத்தில் நான்கு பேர். நான்கு பேருக்கும் தெரியும். நான்கு வாயும் திறக்கவில்லை.

"குவாரிக்காரன் எவ்வளவு குடுத்தான் மாமா?" என்றான் சென்னியப்பன். மாமா என்று சொல்லியே கேட்டான்.

நான் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து பால் ஊற்ற வருகிறவர்கள் கேனை வைப்பார்கள், எண்ணைப் பார்ப்பார்கள், எடுத்துப் போவார்கள். பேச்சு இல்லை. அறுபத்துமூன்று உறுப்பினரில் ஐம்பத்தெட்டுப் பேர் பேச்சை நிறுத்தினார்கள். மீதி ஐந்தில் மூன்று பேர் வெளியூரில் இருக்கிறார்கள். எனக்கு அது ஒன்றும் வருத்தமில்லை. பேச்சு இல்லாவிட்டால் எடை சீக்கிரம் முடிகிறது. முன்பு ஏழேகால் ஆகும், இப்போது ஆறு ஐம்பதுக்கே கதவு சாத்துகிறேன். வருத்தம் எதற்கு?

வீட்டில் என் பெண்டாட்டி பூவாத்தாளும் பேசவில்லை. சோறு போடுவாள். தட்டு வைக்கிற சத்தத்தில் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான். அவள் தம்பி, அவள் தம்பியின் மாடு.

நாலாம் நாள் குவாரி மேனேஜர் வந்தார். ஜீப்பை வாசலுக்கு நேராக, தெருவே பார்க்கும்படி நிறுத்தினார். கையில் ஸ்வீட் பெட்டி.

"ஐயா, உங்க மாதிரி நியாயமான மனுசர் ஒருத்தர் போதுங்க. விசாரணையில நீங்க பாத்ததச் சொன்னாப் போதும்."

"நான் பார்த்ததைத்தான் சொல்வேன். அதற்கு நீங்கள் வர வேண்டியதில்லை."

"அட, வெறுங்கையோட வரக் கூடாதுன்னு…"

"பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். ஜீப்பையும்."

"ஐயாவுக்குச் சர்க்கரைங்களா?"

"ஆமாம்" என்றேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. என் வாழ்நாளில் சொன்ன பொய்களில் அது ஒன்று, கணக்கில் வைத்திருக்கிறேன். பெட்டி போய்விட்டது. ஆனால் ஜீப் பதினோரு நிமிஷம் நின்றதை ஊர் பார்த்துவிட்டது. திரும்பிப் போன பெட்டியை யாரும் பார்க்கவில்லை.

பதினேழாம் நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரணை. ஊர்க்காரர்கள் வேன் வைத்துப் போனார்கள். நான் பஸ்ஸில் போனேன். துணிப்பையில் சங்கத்து எடைப் பதிவேடு மூன்று. அன்றைய பக்கத்தைக் காட்டத்தான் எடுத்துப்போனேன், வேறு எண்ணம் இல்லை.

ஆர்.டி.ஓ. மேடம் சின்ன வயதுதான். மேசைக்கு அந்தப்பக்கம் குவாரி வக்கீல், இந்தப்பக்கம் ஊர். வக்கீல் என்னைக் கூப்பிட்டார்.

"வெளிச்சம் எங்கிருந்து வந்தது?"

"வானத்திலிருந்து."

"சத்தம்?"

"அதுவும்."

"குவாரியிலிருந்து இல்லை?"

"இல்லை."

"நன்றி. போகலாம்."

பின்னாலிருந்து சாமியாத்தாள், "லாபம்னாரே, அதக் கேளுங்க தாயி!" என்று கத்தினாள். மேடம் என்னைப் பார்த்தார். "என்ன லாபம்?"

"ஒன்று, மேடம்."

"என்ன ஒன்று?"

"லாபம் என்றால் ஒன்று."

அறை சிரித்தது. வக்கீலும் சிரித்தார், ஊரும் சிரித்தது. இரண்டு தரப்பும் ஒன்றானது அந்த ஒரு தடவைதான். எனக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் சொன்னேன், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நெல் அளப்பது, முதல் மரக்கால், எல்லாம். "இவர் சொல்வது சரியா, பெரியவங்க யாருக்காவது தெரியுமா?" என்று மேடம் கேட்டார். முன் வரிசையில் குப்பண்ணன்.

"எனக்குக் காது மந்தமுங்க தாயி" என்றார். கேள்வி மட்டும் கேட்டிருக்கிறது பாருங்கள்.

மேடம் கைபேசியை எடுத்தார். "எண்ணுங்க, ஐயா. அறுபது வரைக்கும். நான் நேரம் பாக்கறேன்." நான் சுவரில் ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். வாய்விட்டே எண்ணினேன். லாபம், இரண்டு, மூன்று. அறுபது என்றதும் நிறுத்தினார். "அறுபத்திரண்டு வினாடி" என்றார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பதிவேட்டை வாங்கி அன்றைய பக்கத்தைத் தானே மேடத்துக்குக் காட்டினார். "பாருங்க, இவரே 'வெடி' என்று முதலில் எழுதி, அடித்துவிட்டு, 'வானம்' என்று திருத்தியிருக்கிறார். நேர்மையான மனிதர்." மூடினார். "போதும், பெரியவரே."

நான் பதிவேட்டின்மேல் கையை வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்காமல் வாய் திறந்தது என் ஆயுசில் அது ஒரு தடவைதான்.

"ஏன் முதலில் வெடி என்று எழுதினேன் என்று கேளுங்கள் மேடம்."

"சொல்லுங்க."

"பழக்கம். வெடி வைத்தால் தரை அதிரும். மெஷினில் எண் நிற்காது. எண் ஆடும்போது எடை போட்டால் ஐம்பது கிராமுக்குச் சண்டை வரும். அதனால் நிறுத்தி வைப்பேன். நிறுத்தினால் காரணம் எழுத வேண்டும், சங்கத்து விதி. குறிப்புப் பத்தியில் 'வெடி' என்று எழுதி நேரம் போடுவேன். மூன்று வருஷமாக."

வக்கீல் எழுந்தார். "இது மனுவுக்குச் சம்பந்தமில்லாதது."

"அனுமதித் தாளில் பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணிக்குள்தான் வெடி வைக்கலாம் என்று போட்டிருக்கிறது. குவாரி வாசலில் போர்டே வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை எங்கள் சங்கம் பூட்டியிருக்கும் மேடம். காலை ஐந்திலிருந்து ஏழு, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு, அவ்வளவுதான் திறந்திருக்கும். இந்த நோட்டில் உள்ள வெடி ஒவ்வொன்றும் வைக்கக் கூடாத நேரத்தில் வைத்தது."

"அடித்துத் திருத்திய நோட்டு இது" என்றார் வக்கீல். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நேர்மை என்றவர்.

"அந்த ஒன்றை அடித்தது உங்களுக்குச் சாதகம் சார். பொய் எழுதுகிறவன் அதை ஏன் அடிப்பான்?"

மேடம் பக்கங்களைப் புரட்டினார். தை எட்டு, ஐந்து பத்து, வெடி. தை பதினொன்று, நாலு ஐம்பத்தைந்து, வெடி. மாசி இரண்டு. மாசி மூன்று. மாசி மூன்றில் இரண்டு தடவை. புரட்டிக்கொண்டே போனார். பிறகு சொன்னார்: இந்த மனு ஒரு தேதிக்கு மட்டும் கொடுத்த மனு, அந்தத் தேதிக்கு ஆதாரம் இல்லை, தள்ளுபடி. மற்றதற்கெல்லாம் தனியாக மனு கொடுங்கள், பதிவேட்டோடு கொடுங்கள்.

வெளியே வந்ததும் சென்னியப்பன் என் சட்டையைப் பிடித்தான். அடிக்கவில்லை. பிடித்தான், அவ்வளவுதான்.

"இத்தன வெடியும் எழுதி வெச்சுருக்கீங்க. மூணு வருசமா எழுதி வெச்சுருக்கீங்க. மனு எழுதற அன்னிக்கு இத எடுத்துப் போட்டிருந்தா? அந்த ஒண்ணே நமக்கு வேண்டியதில்லையே மாமா!"

"நீங்கள் கேட்கவில்லை" என்றேன்.

கேட்கவில்லையே சார். பேனாவைக் கொடுத்தார்கள். நோட்டைக் கேட்டார்களா? எனக்கு எழுதுவது வேலை. கேட்டால் காட்டுவது வேலை. கேட்காத இடத்தில் போய் நான் ஏன் நீட்ட வேண்டும்? என்மேல் என்ன தப்பு?

அன்று வீட்டில் பூவாத்தாள் பேசினாள். பதினேழு நாள் கழித்து முதல் வார்த்தை.

"கேட்டாத்தான் வாயத் தொறப்பீங்களா? முப்பத்தெட்டு வருசமா இதே பாடுதான். எங்கம்மா செத்தப்பக்கூட நான் அழுதா ஏன்னு கேக்காம, எத்தனை பேரு வந்தாங்கன்னு எண்ணிட்டு உக்காந்திருந்தீங்க."

நானூற்றுப்பத்துப் பேர். நல்ல கூட்டம். அதைச் சொன்னேன். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. தவறாகவா எண்ணினேன்?

இப்போது நேற்றைக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் சென்னியப்பன் புது மனுவோடு வந்தான். வாத்தியார் பதிவேட்டை என்னிடம் கேட்டு வாங்கி மூன்று நாள் உட்கார்ந்து பட்டியல் எடுத்திருக்கிறார். தேதி, நேரம், வெடி. ஆறு பக்கம். கீழே மொத்தம்: நூற்றெண்பத்தேழு. பதினோரு கையெழுத்தும் போட்டாயிற்று. குப்பண்ணன் கைநாட்டு, நல்ல அழுத்தம்.

"மாமா, பன்னெண்டாவது உங்களுது. பழசெல்லாம் மனசுல வெக்காதீங்க. சாமியாத்தா நாளைக்கு வந்து பேசறேன்னு சொல்லுச்சு."

நான் ஆறு பக்கமும் பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தேன். அவன் காத்திருந்தான். காப்பி இரண்டு தடவை வந்தது. கடைசி வரி: கார்த்திகை 22, காலை 5.20.

"இது ஏன் இருக்கிறது?"

"இருக்கட்டும் மாமா. எழுதிப் போச்சு."

"இது அடித்தது. வானம் என்று எழுதியிருக்கிறேன்."

"நூத்தி எம்பத்தேழுல ஒண்ணு கூட இருந்தா என்னங்க? அன்னிக்கு உளுந்த செவுத்துலதான் எம்பட மாடு செத்துச்சு. அந்தத் தேதி இல்லாத மனு எனக்கு எதுக்கு?"

அந்த மாட்டின் பாலை நாலு வருஷம் நான்தான் எடை போட்டேன். ஆனால் நினைத்துப் பாருங்கள். அந்த வக்கீல் மறுபடி வருவார். மேடம் முன்னால் நான் சொன்னது எழுத்தில் இருக்கிறது. இந்த ஒரு வரியை விரலால் தொட்டு, "இதுவும் பொய்தானே, மற்றதும் இப்படித்தானே" என்பார். ஒரு சொட்டுப் புளிப்பு விழுந்தால் கேன் முழுக்கத் திரியும். பால்காரனுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டுமா?

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். மொத்தத்தையும் அடித்துத் திருத்தினேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன், கலியபெருமாள்.

"ஊரே ஒரு பக்கம் நிக்குது, நீங்க ஒத்தை ஆளா இன்னொரு பக்கம்" என்றான் சென்னியப்பன். "உங்க பேரு இல்லாம வேற மனு எழுதிக்கறோம்."

"எழுதிக்கொள்ளுங்கள். எழுதினது என் கை. மேடம் கூப்பிட்டுக் கேட்கப் போவதும் என்னைத்தான். நான் போய் அடித்ததை அடித்தது என்றுதான் சொல்வேன். ஆயிரம் பேர் எதிரில் நின்றாலும் சொல்வேன். நாக்கு எழும்பாவிட்டால் எழுதிக் காட்டுவேன்."

மனுவை மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டான். இதோ இருக்கிறது. மனுவோடு வரச் சொல்லி மேடம் கொடுத்திருக்கிற விசாரணைத் தேதி வருகிற செவ்வாய்க்கிழமை. இன்று காலை சாமியாத்தாள் வந்தாள், பேசவில்லை. சென்னியப்பன் தன் வீட்டுப் பாலைக் கடைசி ஆளாகக் கொண்டுவந்து ஊற்றினான். நாலு லிட்டர் இருநூறு மில்லி. போகும்போது மனு இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். எடுத்துக்கொண்டு போகவில்லை.

உங்களுக்குத் திசை சொல்லிவிட்டேன், உயரம் சொல்லிவிட்டேன், வினாடி சொல்லிவிட்டேன். கல் எங்கே விழுந்தது என்று நீங்கள் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். வடக்கே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும் நீங்கள். உங்கள் காலேஜ் தாளில், முத்திரையோடு, நாலு வரி எழுதிக் கொடுங்கள். கார்த்திகை இருபத்திரண்டு காலையில் வந்த வெளிச்சமும் சத்தமும் வானத்தைச் சேர்ந்தது என்று. ஊருக்குக் காட்ட இல்லை, ஊர் நம்ப வேண்டாம். வக்கீலுக்காகவும் இல்லை. அந்த ஒன்றுக்குச் சொந்தக்காரர் யார் என்று எழுத்தில் இருக்க வேண்டும், அதற்குத்தான்.

அந்த ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள் சார். அது உங்களுடையது. மீதிக்குக் குவாரிக்காரன் பதில் சொல்லட்டும்.

நூற்றெண்பத்தேழில் ஒன்று போக, பாக்கி நூற்றெண்பத்தாறு.